திண்டுக்கல் பூட்டு

ருக்குமணியக்காவின் ஃபேன் வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் டக் என்றது. இடது பக்கம் போகும்போது நல்ல பிள்ளையாகப் போகும், வலது பக்கம் வந்தால்தான் அந்த டக். பவுன்தாயி அதன் கழுத்தைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள், முந்தானையால் துடைத்துப் பார்த்தாள், அது கேட்பதாக இல்லை. அக்கா வீட்டில் இருந்தவரை இந்தச் சத்தம் வந்ததில்லை. வந்திருந்தால் தெரிந்திருக்கும், இந்த லைன் வீட்டில் பக்கத்து அறையில் கொசு அடித்தாலே கேட்கும், எல்லோருக்கும் எல்லாம் கேட்கும், அதை நினைக்காதே, ஃபேனைப் பார். இரவல் வந்திருப்பது அதற்கே தெரிகிறது போல. வீட்டைப் பார்த்து எழுத வருகிற ஜெசிந்தா மேடம் உட்கார்ந்து ஏதாவது கேட்கும்போது, இவள் பதில் சொல்லும் நேரம் பார்த்து டக் என்று காட்டிக்கொடுத்துவிடுமோ. அப்படி என்ன பெரிய பொய் சொல்லப் போகிறோம்? ஒரு பொய்யும் சொல்லப் போவதில்லை. ஆனால் வீடு முழுக்கப் பொய்யாக இருந்தது. ஒடிசாக்காரி சுமித்ராவின் ரோஸ் கலர் பிளாஸ்டிக் சேர். கடைசி அறை செக்யூரிட்டி அண்ணாச்சியின் மடக்குக் கட்டில். எதிர் அறைத் தருணின் படிப்பு மேஜை, அதில் காம்பஸ் முனையால் தருண் தருண் என்று அந்தப் பையன் கீறி வைத்திருந்த இடத்தில் மட்டும் ஒரு பூத்துண்டு விரித்திருந்தது. சுவரில் மானும் அருவியும் இருக்கிற பெரிய படம், அது யார் கொண்டுவந்து மாட்டியது என்பதே பவுன்தாயிக்குத் தெரியவில்லை. அவள் கேட்டது ஒரே ஒரு சேர்தான். மேடம் வந்தால் உட்கார ஒரு சேர் வேண்டும் என்று சுமித்ராவிடம் நேற்று கேட்டாள், அவ்வளவுதான். விடிந்ததும் வரிசையாக வந்துவிட்டார்கள், ஏதோ பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மேடம் மதியத்துக்குள் வருவார், பார்ப்பார், பார்த்ததை எழுதுவார், எழுதியதைக் குழந்தைகள் நலக் குழுவில் வைப்பார்கள், அந்த மேஜைக்குப் பின்னால் இருக்கிறவர்கள் படித்துப் பார்த்துவிட்டு மகள் கனிஷ்காவை வீட்டுக்கு அனுப்பலாம் என்பார்கள், அல்லது இப்போதைக்குக் குழந்தைகள் இல்லத்திலேயே இருக்கட்டும் என்பார்கள். இன்றைக்கு வேறொன்றும் இல்லை. இதுதான்.

டக். நம்ம வீட்டுல. போன ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக்குப் பார்க்கப் போனபோது கனிஷ்கா மடியில் உட்கார்ந்துகொண்டு அப்படித்தான் ஆரம்பித்தாள். "அம்மா, நம்ம வீட்டுல..." என்றாள். என்னடி என்றதற்கு ஒண்ணுமில்ல என்று பிஸ்கட்டைக் கடித்தாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒண்ணுமில்ல என்று சொல்லி முடித்துக்கொள்ள யார் கற்றுக்கொடுத்தது? யார் கொடுப்பார்கள், நான்தான். கம்பெனியில் என்ன நடந்தாலும், முதலாளி தம்பி என்ன கத்தினாலும், வீட்டுக்கு வந்தால் ஏம்மா அழுற என்பாள், ஒண்ணுமில்லடி. இப்போது அவள் திருப்பிக் கொடுக்கிறாள். நம்ம வீட்டுல என்ன? திங்கட்கிழமை தையல் மெஷினில் உட்கார்ந்து அதையே சுற்றிச் சுற்றி வந்தாள். நம்ம வீட்டுல ஃபேன் இல்லையே என்று கேட்க வந்தாளோ. இல்லத்தில் மேலே சுற்றுகிற ஃபேன் இருக்கிறது, ஆளுக்கொரு கட்டில் இருக்கிறது, உட்கார்ந்து எழுத மேஜை இருக்கிறது, சுவரெல்லாம் படம். அங்கே பிள்ளைக்குச் சதை பிடித்திருக்கிறது, கன்னத்தில் குழி விழுகிறது, பிஸ்கட்டை எடுக்குமுன் அங்கிருக்கிற ஆன்ட்டியைத் திரும்பிப் பார்க்கிறது. நம்ம வீட்டுல இதெல்லாம் இருக்காம்மா என்று கேட்க நினைத்து, அம்மாவுக்குச் சங்கடமாக இருக்கும் என்று விழுங்கிவிட்டாளோ. வேறு என்னவாக இருக்கும்? அதனால்தான் வந்த சாமானையெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை, சும்மா சொல்வானேன், ஆசையாகத்தான் இருந்தது. மேடம் போய் உங்க வீட்டுல எல்லாம் இருக்கு பாப்பா என்று சொன்னால், அந்த முகம் எப்படி இருக்கும். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரிடமும் சொல்லவில்லை. மடியில் உட்காரும்போதுகூட அந்தப் பிள்ளை கதவு தெரிகிற பக்கமாகத் திரும்பித்தான் உட்காருகிறது. ஒவ்வொரு ஞாயிறும். எதேச்சையாக இருக்கும் என்று இவளும் தலையை வாரிவிட்டுக்கொண்டே இருப்பாள்.

பூட்டு ஜன்னல் கட்டையில் இருந்தது. எழுந்து போய் அதைச் சட்டிக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். திண்டுக்கல் பூட்டு. வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வண்டி ஏறும்போது அவளுடைய அப்பா கொடுத்த சீர் இது ஒன்றுதான். "ஊர் பேர் தெரியாத எடத்துக்குப் போற, இது ஒண்ணு இருந்தா பயமில்லாத்தா, எவனாலயும் ஒடைக்க முடியாது" என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் போயிற்று, எவனாலும் உடைக்க முடியவில்லை. இந்தச் சந்தில் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் பனியன் கம்பெனிக்குப் போவது ஒன்றும் அதிசயமில்லை. வெளியே விட்டால் சாயச் சாக்கடை, சந்து முனையில் லாரி, லாரிக்குத் தப்பினால் நாய், நாய்க்குத் தப்பினால் மனுஷன். போர்வெல் லாரியோடு வடக்கே போன புருஷன் வடக்கையே வீடாக்கிக்கொண்டான். பள்ளிக்கூடம் இருக்கிற வரைக்கும் கவலையில்லை, கோடை விடுமுறை வந்தால் தொண்டையில் முள். தட்டில் எலுமிச்சைச் சாதம் போட்டு மூடி, சொம்பில் தண்ணீர் வைத்து, கலர் பென்சிலை எடுத்துக் கொடுத்து, அம்மா சாயங்காலம் வந்துருவேன் என்று சொல்லி வெளியே வந்து பூட்டுவாள். பூட்டியதும் கதவுக்கு அடியில் விரல் வரும். கனிஷ்கா தரையில் படுத்துக்கொண்டு இரண்டு விரலை நீட்டுவாள், இவள் கால் பெருவிரலால் அதைத் தொட்டுவிட்டுப் போவாள். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. சிரிப்புச் சத்தம் கேட்கும். கேட்டதா? கேட்ட மாதிரிதான் இருக்கிறது. கடவுளே, அதை விளையாட்டு என்றுதானே நினைத்தேன். எல்லோரும் தாயா பேயா என்றார்களே, பூட்டியது பிள்ளை பத்திரமாக இருக்கட்டும் என்றுதான், நகையை வைத்துப் பூட்டுவார்களே அப்படி. அன்றைக்குக் காலையில் பிள்ளைக்கு லேசாக உடம்பு சுட்டது. மருந்து கொடுத்தாள். ஷிப்மெண்ட் போகிற நாள், லீவு என்று சொன்னால் நாளையிலிருந்து வராதே என்பார்கள். செல்போனைக் கம்பெனி வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பிள்ளை சுரத்தில் புரண்டதில் சொம்பு சாய்ந்துவிட்டது. மத்தியானத்துக்கு மேல் ஜன்னல் கம்பி வழியாகக் கை வெளியே வந்ததாம், தண்ணி தண்ணி என்று. அந்தக் கையை இவள் பார்க்கவில்லை. இவள் அப்போது டீ-சர்ட்டுக்குத் தோள் மூட்டிக்கொண்டிருந்தாள். பார்க்காத கைதான் தினமும் வருகிறது, மெஷினில் ஊசி இறங்கும்போது வருகிறது, சாதத்தைப் பிசையும்போது வருகிறது. ருக்குமணியக்கா டம்ளரைக் கொடுத்துவிட்டு அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தாள், கம்பெனிக்குப் போன் போட்டாள், எடுப்பார் இல்லை, அப்புறம்தான் குழந்தைகள் உதவி எண் பத்து ஒன்பது எட்டுக்குப் போட்டாள். வந்தவர்கள் பூட்டோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் நாதாங்கியையே மரத்தோடு பெயர்த்தெடுத்தார்கள். சாயங்காலம் தேங்காய் பன்னோடு இவள் வந்தபோது கதவு ஆவென்று கிடந்தது. பூட்டு தரையில் கிடந்தது. நாதாங்கியைப் பிடித்துக்கொண்டு, பூட்டியது பூட்டியபடியே.

டக். மேடம் வந்தால் முதலில் என்ன சொல்வது? வாங்க மேடம் என்பது வந்துவிடும். அப்புறம்? நன்றி என்று சொல்லலாமா. நன்றி என்பது மைக்கில் சொல்லுகிற சொல், வாயில் வைத்தால் சோடா மாதிரி பொங்குகிறது. நல்லா இருங்க மேடம் என்று சொல்லலாம், அதைத் தவணைக்காரனுக்கும்தான் சொல்கிறோம். எந்த உலகத்திலாவது பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவளுக்கு நன்றி சொல்ல ஒருத்தி சொல் தேடிக்கொண்டிருப்பாளா? ஆனால் நெஞ்சு முட்ட இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது. ஆஸ்பத்திரி வாசலில் முதல் முதலாக ஜெசிந்தா மேடத்தைப் பார்த்த அன்றைக்கு இவள் குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி அந்தம்மா முகத்தில் வீசினாள். நாசமாப் போவ, எம்புள்ளயப் பிரிச்சவ நல்லாருப்பியா என்று கத்தினாள். கூட வந்த போலீஸ்காரம்மா கையை ஓங்கினாள். மேடம்தான் தடுத்தார். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "கண்ணுல படலம்மா, பரவால்ல. பாப்பாவுக்குச் சுரம் விட்டுருச்சு. அத முதல்ல கேளுங்க" என்றார். அதை முதலில் கேட்கவில்லையே. இன்றைக்கு நினைத்தாலும் அந்த இடத்தில் கால் இடறுகிறது. சுரம் விட்டதா என்று நான் கேட்கவில்லை, மண்ணை அள்ளுகிற அவசரத்தில் அதைக் கேட்க மறந்தேன், மண் வாங்கியவள் சொல்லித்தான் தெரிந்தது. குழுவில் போய் நின்றபோது இதற்கு மேல் திட்டு வாங்க உடம்பில் இடமில்லை என்று நின்றாள். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த கண்ணாடி போட்ட அம்மா, "பிள்ளையைப் பூட்டாம வேலைக்குப் போகணும்னா உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். உங்களுக்கு என்ன வேணும். பிறந்ததிலிருந்து யாரும் கேட்காத கேள்வி, ஜவுளிக்கடைக்காரனைத் தவிர. விக்கி விக்கி அழுதாள், அழுது முடிக்கும் வரைக்கும் அவர்கள் காத்திருந்தார்கள். அப்புறம், பகல்ல புள்ளைய பாத்துக்க ஒரு ஆளு என்றாள். கம்பெனியில் அதற்கென்றே ஓர் அறை இருக்க வேண்டுமாம், சட்டமே இருக்கிறதாம். இருக்கத்தான் செய்தது, வாசலில் 'குழந்தைகள் காப்பகம்' என்று எழுதி, உள்ளே அட்டைப்பெட்டிகள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. மேடம் நடையாய் நடந்தார். இப்போது அங்கே ஓர் ஆயாவும் பாயும் தொட்டிலும் வந்துவிட்டன, பிசிறு வெட்டுகிற ராசாத்தி தன் கைக்குழந்தையை அங்கேதான் போடுகிறாள். என் பிள்ளை போய் மற்ற பிள்ளைகளுக்கு வழி பிறந்தது என்று நினைத்தால் ஒரு பக்கம் பெருமை, இன்னொரு பக்கம் அடிவயிற்றில் கத்தி. பெருமை, கத்தி, பெருமை, கத்தி, இந்த ஃபேன் மாதிரிதான்.

ருக்குமணியக்காவுக்கு மட்டும் என்ன குறைச்சல் நன்றி. போன் போட்டது யார் என்று தெரியாமல் இவள் ஒரு மாதம் குழாயடியில் நின்று சாபம் விட்டாள். அவள் கை விளங்காமப் போக, அவள் நாக்கு அழுகிப் போக, ஒன்று பாக்கி வைக்கவில்லை. ஒருநாள் அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "ஏ பவுனு, நீ உடற சாபமெல்லாம் எனக்குத்தான் சேருது. போன் போட்டது நாந்தான். அந்தக் கை அப்படிக் கொதிச்சுது அம்மிணி, நான் வேற என்ன பண்றது? இன்னும் திட்டோணும்னா நேரா நின்னு திட்டு, கேட்டுக்கறேன்" என்றாள். பவுன்தாயி வாயைத் திறந்தாள், திட்டு வரவில்லை. அக்கா அதோடு நிற்கவில்லை. "சாபம் எனக்கு வேண்டியதுதான். அதுக்கு முந்தி எத்தன நாள் அந்தப் புள்ள அழுததக் கேட்டுட்டு டிவி சத்தத்தக் கூட்டி வெச்சேன்னு எனக்குத்தான் தெரியும்" என்றாள். குழாயடியில் நின்ற மற்றவர்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அன்றைக்கு ராத்திரி அக்கா வீட்டில்தான் சாப்பாடு, அதற்குப் பிறகும் பெரும்பாலும் அங்கேதான். பள்ளிக்கூடம் விட்டதும் கனிஷ்கா என்னிடம் இருக்கட்டும் என்று அக்கா குழுவிலேயே வந்து சொல்லியிருக்கிறாள். ஒன்றரை ஷிப்டை விட்டு இவள் இப்போது ஒரு ஷிப்டுதான் போகிறாள். எல்லாம் சரியாகிக்கொண்டுதான் வருகிறது. சரியாகிக்கொண்டு வரும்போதுதான் பயம் அதிகம், நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கிற நேரம் மாதிரி.

"நல்ல தண்ணி வந்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான், லைன் வீடே எழுந்தது. நல்ல தண்ணீர் வருகிற நாளும் தெரியாது, நேரமும் தெரியாது, வந்தால் அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும், விட்டால் அடுத்த வாரம்தான். தருணின் அம்மா ஓடினாள், சுமித்ரா ஓடினாள், அக்கா இரண்டு குடத்தோடு ஓடிக்கொண்டே, "பவுனு, மேடம் வந்தா வெறும் உப்புத்தண்ணியவா குடுப்ப? வா" என்றாள். அது இவளுக்கு உறைத்தது. ஜெசிந்தா மேடம் விசாரணைக்குப் போகிற வீட்டில் காபிகூடத் தொடமாட்டார், தண்ணீர் மட்டும்தான். அந்தம்மாவுக்குக் கொடுக்க முடிந்த ஒரே பொருள் தண்ணீர், அதையும் உப்பாகவா கொடுப்பது? குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். இரண்டு எட்டு வைத்தவள் திரும்பினாள். உள்ளே இருப்பது ஊரார் சாமான். அக்காவின் ஃபேன், அண்ணாச்சியின் கட்டில், அந்த மான் படம் வேறு. ஒன்று காணாமல் போனாலும் யார் முகத்தில் முழிப்பது? கை சட்டிக்குப் பின்னால் போயிற்று, பூட்டை எடுத்தது, புது நாதாங்கியில் மாட்டி அமுக்கியது, சாவியை இடுப்பில் செருகியது. எல்லாம் கையே செய்தது, அவள் மனசு குழாயடிக்குப் போய்விட்டிருந்தது. குழாயடியில் வழக்கமான சண்டை. இவளுக்கு முன்னால் ஏழெட்டுக் குடம். சுமித்ராவின் குடம் நிரம்புகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், தண்ணீர் குடத்துக்குள் விழுகிற சத்தம் முதலில் கனமாக, போகப் போக மெல்லியதாக. கனிஷ்காவுக்கு இந்தச் சத்தம் பிடிக்கும். இடுப்பில் என்னவோ குத்தியது. சேலைக் கொசுவத்தைத் தடவினாள். சாவி. சாவி ஏன் இங்கே இருக்கிறது? மேடம் எந்த நேரமும் வரலாம், சந்தில் ஓர் ஆள் இல்லை, என் கதவில் அந்தப் பூட்டு. குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

ஓடி வந்து சந்து திரும்பியபோது கதவுக்கு முன்னால் ஜெசிந்தா மேடம் நின்றிருந்தார். தோளில் அதே பழுப்புப் பை. பூட்டைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார். பவுன்தாயிக்கு மூச்சும் பேச்சும் ஒன்றாக வந்தன. "மேடம், உள்ள புள்ள இல்ல மேடம்!" என்றாள். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. மேடம் திரும்பி, "தெரியும்மா. பாப்பா எங்ககிட்டதான் இருக்கா" என்றார். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "எம்பொருளுக்காகப் பூட்டல மேடம், எங்கிட்டப் பூட்டி வைக்கிற மாதிரி என்ன இருக்கு? உள்ள இருக்கதெல்லாம் ஊராரு சாமான். நீங்க வாறீகன்னு குடுத்தாக. தண்ணி வந்துச்சு, உங்களுக்குக் குடுக்க நல்ல தண்ணி பிடிப்போம்னு ஓடுனேன், கை பூட்டிருச்சு மேடம், நாம் பூட்டல." கை பூட்டியது, நான் பூட்டவில்லை, இதை எழுதினால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். சாவியைத் துவாரத்தில் வைத்தாள், அது பக்கத்திலெல்லாம் குத்தியது. "மெதுவா. அவசரமில்ல" என்றார் மேடம். பூட்டு திறந்தது. திறந்ததைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்ததும், அணைக்காமல் விட்டுப் போன ஃபேன் டக் என்று வரவேற்றது.

அதற்குள் குழாயடி மொத்தமும் பின்னாலேயே வந்துவிட்டது. பவுனு தலைதெறிக்க ஓடியதைப் பார்த்து எல்லோரும் பாதிக் குடத்தோடு ஓடி வந்திருந்தார்கள். மேடம் உள்ளே போய் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். முதலில் வாயைத் திறந்தது ருக்குமணியக்காதான். "மேடம், மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. அந்த ஃபேன் என்னுதுங்க. சத்தம் போடும், காத்து நல்லா வரும்." சுமித்ரா, "சேர் என்து" என்று கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது போல. தருணின் அம்மா பூத்துண்டைத் தானே எடுத்து மகனின் கிறுக்கலைக் காட்டி, "அவனுக்குப் படிப்பே வராதுங்க மேடம், அந்தப் பாப்பாவாவது படிக்கட்டும்" என்றாள். இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த செக்யூரிட்டி அண்ணாச்சி சிவந்த கண்ணோடு வந்து, "கட்டில் நம்மளதுதாம்மா. எனக்குத் தரையிலதான் தூக்கம் வரும்" என்று கொட்டாவி விட்டார். முதுகில் பாயின் தடம் இருந்தது. மான் படத்துக்கு மட்டும் கடைசிவரை யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. பவுன்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு, எல்லோருமாகச் சேர்ந்து அவிழ்த்துக் கொட்டிவிட்டார்கள். மேடம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "அன்னைக்கு நாங்க வந்து கதவப் பேத்தப்போ இந்த லைன்ல ருக்குமணியம்மா கதவு ஒண்ணுதான் தெறந்திருந்துச்சு" என்றார். "சாமானெல்லாம் எடுத்துட்டுப் போயிருங்க, புள்ளைக்கு அதெல்லாம் வேண்டாம். நீங்க மட்டும் இப்படியே இருங்க, போதும்" என்றார். பூட்டியிருந்ததை எழுதுவீங்களா மேடம் என்று பவுன்தாயி கேட்டாள், கேட்காமல் இருக்க முடியவில்லை. "எழுதுவேன். ஏன் பூட்டினீங்கன்னும் எழுதுவேன், யாரெல்லாம் ஓடி வந்தாங்கன்னும் எழுதுவேன். முடிவு குழுதான் சொல்லணும். ஆனா எனக்கு ஒரு கவலையும் இல்ல." எனக்கு ஒரு கவலையும் இல்ல. அந்த வார்த்தை உள்ளே இறங்கி, எங்கே போய் உட்காருவது என்று இடம் தேடியது. அக்கா புதுத் தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து நீட்டினாள். மேடம் தரையிலேயே உட்கார்ந்து அண்ணாந்து முழுவதும் குடித்தார்.

சொம்பை வைத்துவிட்டு, மற்றவர்கள் நகர்ந்த பிறகு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை நீங்க கெளம்பினதும் பாப்பா எங்கிட்ட ஒண்ணு கேட்டா. உங்ககிட்டக் கேட்டா நீங்க அழுவீங்களாம்." நம்ம வீட்டுல. பவுன்தாயிக்கு உடம்பெல்லாம் காதாயிற்று. ஃபேனா, கட்டிலா, மேஜையா. "நம்ம வீட்டுல அந்தப் பூட்டு இன்னும் இருக்கான்னு கேட்டா. அதக் கேக்கத்தான் நானும் வந்தேன். வந்து பாத்தா அதுவே எனக்கு முன்னால தொங்குது." பவுன்தாயி தன் கையைப் பார்த்தாள். பூட்டு கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. மடியில் கதவைப் பார்த்து உட்கார்ந்த பிள்ளை, கதவுக்கு அடியில் விரலை நீட்டிய பிள்ளை, அது சிரிப்புச் சத்தம் இல்லை, சிரிப்பாக இருந்திருக்க முடியாது, அம்மா போகாதே என்பதைத்தான் இரண்டு விரலால் சொல்லியிருக்கிறது, இவள் கால் விரலால் தொட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அழுகை வந்தது, அழ விட்டாள். பூட்டு இல்லை என்று வெறும் வாய்ச் சொல்லாகச் சொல்லி அனுப்ப முடியாது. கிணற்றில் போட்டுவிட்டேன் என்று சொன்னால் எந்தக் கிணறு என்று கேட்பாள், கெட்டிக்காரி. பூட்டை மேடத்தின் கையில் வைத்தாள். "இத அவகிட்டயே குடுத்துருங்க மேடம். அவளே வச்சுக்கட்டும். எங்க அப்பன் குடுத்த சீரு, எம்மகளுக்கு நாங் குடுக்குறேன்னு சொல்லுங்க." மேடம் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல் தாண்டும்போது பவுன்தாயி காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த சொல்லுக்காக வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "அன்னைக்கு மண்ணு கண்ணுல படலையே மேடம்?" ஜெசிந்தா மேடம் முதல் முறையாகப் பல் தெரியச் சிரித்தார். "படல பவுன்தாயி. இப்பதான் ஏதோ பட்ட மாதிரி இருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்தில் இறங்கி நடந்தார்.

அக்கா ஃபேனை எடுக்க வரவில்லை. ஒருவரும் எதையும் எடுக்க வரவில்லை, மேடம் சொன்னது அவர்கள் காதில் ஏறவில்லை போல, அல்லது ஏறியும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். நல்லா இருக்கட்டும், எல்லாரும் நல்லா இருக்கட்டும், தருணுக்குப் படிப்பு வரட்டும், அண்ணாச்சிக்குத் தரையிலாவது தூக்கம் வரட்டும். மேடத்தின் பை இந்நேரம் பஸ் ஸ்டாப்புக்குப் போயிருக்கும். சாயங்காலம் பூட்டு கனிஷ்காவின் கைக்குப் போகும். கனமாக இருக்கும், இரண்டு கையாலும் வாங்குவாள். வாங்கியதும் என்ன செய்வாள்? எந்தப் பிள்ளையும் செய்வதைத்தான் செய்வாள், அமுக்கிப் பூட்டிப் பார்ப்பாள். பூட்டினால் திறக்க வேண்டுமே. பவுன்தாயியின் கை இடுப்புக்குப் போயிற்று. சாவி. சாவி இங்கேயே இருக்கிறது. அட கிறுக்கி, பூட்டைக் கொடுத்தவள் சாவியை வைத்துக்கொண்டு நிற்கிறாயே, அதையும் நீயே வைத்துக்கொண்டால் அந்தப் பிள்ளை எதைக் கொண்டு திறக்கும்? சாவியை உருவிக் கையில் இறுக்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து ஓடினாள். "ஏ பவுனு, கதவு! கதவச் சாத்தீட்டுப் போ!" என்று அக்கா குழாயடியிலிருந்து கத்தினாள். உள்ளே ஊரார் சாமான் எல்லாம் அப்படியே இருந்தது, ஃபேன்கூட ஓடிக்கொண்டுதான் இருந்தது. பவுன்தாயி திரும்பிப் பார்க்கவில்லை. "தெறந்தே கெடக்கட்டுங்க்கா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.